சின்ன ர, பெரிய ற

பிப்ரவரி 6

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மூக்குக்குத்தான் ஓயாத வேலை. உன் அத்தான் எதைக் கொடுத்தாலும் தின்றுவிட்டுக் குத்துக்கல் மாதிரி இருக்கிறார். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா?

நேற்று நான் பட்ட பாட்டை உனக்கு எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பல் மருத்துவர் வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்த நாள். இரண்டடுக்குக் கேக் கேட்டிருந்தார்கள். காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். முட்டைக்கடைக்காரர் கையில் தும்மினார். கையைப் பார்த்தார். சட்டையில் துடைத்தார். அதே கையால் என் முட்டைகளைப் பொறுக்கினார். நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, முட்டைக்குத்தான் ஓடு இருக்கே?" என்றார். "முட்டைக்கு இருக்கு, உங்க கைக்கு இல்லையே" என்றேன்.

வெண்ணெய் மூன்று கடையில் சிக்கு வாடை. நாலாவது கடையில் வாடை இல்லை, ஆனால் தராசுத் தட்டில் பல்லி எச்சம். திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் நகம் வெட்டிக்கொண்டே வந்தார். ஒரு துண்டு தெறித்து என் பைமேல் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் பையை வெந்நீரில் போட்டேன்.

நான் முட்டையை ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்துத்தான் சேர்ப்பேன் என்று கேலி செய்வாயே, ஏழாவது முட்டை அழுகல். வீடே நாறிப்போனது. ஆனால் முதல் ஆறும் தப்பின. கேக் ஒரு வெடிப்புக்கூட இல்லாமல் எழும்பி வந்தது. அந்த அரைமணி நேரம் எனக்கு உலகத்தில் யார்மேலும் குறை இல்லை. பிறகு மருத்துவரின் மனைவி வந்தாள். க்ரீமில் விரலை விட்டு நக்கிப் பார்த்து, "நல்லாருக்கே!" என்று அதே எச்சில் விரலை மறுபடியும் விட்டாள். பல் மருத்துவர் பெண்டாட்டி!

இன்னொன்று. எதிர்வீட்டுத் தையல்காரி தன் புருஷனை உதறிவிட்டு அம்மா வீட்டோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள். அம்மாவுக்கு ஒரு சின்னக் கேக் வேண்டுமாம். அடுப்பு கெட்டுப்போச்சு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கட்டினவனை விட்டு ஓடிவந்தவள் வீட்டுத் தட்டில் என் கேக்கா? நினைத்தாலே உடம்பு கூசுகிறது. ஒரு பெண் கொஞ்சம் பொறுத்துப்போனால் என்ன குறைந்துவிடும்?

உன் விஷயத்தில் எனக்கு அந்தக் கவலை இல்லை. மாப்பிள்ளை முதல் தடவை நம் வீட்டுக்கு வந்தபோது நான் முகத்தைப் பார்க்கவில்லை, நகத்தைப் பார்த்தேன். ஒட்ட வெட்டியிருந்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கில்லை. காப்பி குடித்த தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்தார். அன்றைக்கே சரி என்று சொன்னவள் நான்.

பால்காரர் கூப்பிடுகிறார். அவர் பாத்திரத்துக்குள் விரலை விடுவதற்குள் ஓட வேண்டும்.

உன்,
சீச்சீ அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் தாமதம், திட்டாதே. நான் நன்றாக இருக்கிறேன். கை மட்டும் கொஞ்சம் வெடித்திருக்கிறது. நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும்.

இனிமேல் வீட்டு முகவரிக்கு எழுதாதே. அங்கே வரும் கடிதம் என் கைக்கு ஒழுங்காகக் கிடைப்பதில்லை. 'ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம், பின்வாசல்' என்று போட்டு என் பெயரை எழுதினால் போதும். அங்கே எனக்குத் தெரிந்த ஓர் அம்மா இருக்கிறார்கள், வாங்கி வைப்பார்கள்.

அந்தத் தையல்காரியின் அம்மாவுக்குக் கேக் கிடைத்ததா? அவள் ஏன் வந்தாள் என்று யாராவது கேட்டார்களா?

வேலை இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தங்கை


மார்ச் 8

அன்புள்ள சின்னவளுக்கு,

நாங்கள் நலம். உன் கைவெடிப்புக்குச் சோப்பை மாற்று. மலிவுச் சோப்பு தோலை உரித்துவிடும்.

இது என்னடி முகவரி? ஊரில் உள்ள நோயாளி எல்லாம் படுத்துப் புரண்ட துணியைத் துவைக்கும் இடத்துக்கா நான் கடிதம் எழுதுவது? அங்கேயிருந்து வந்த உன் கடிதத்தை இடுக்கியால் பிடித்துத்தான் பிரித்தேன். அத்தான் சிரிக்கிறார், சிரிக்கட்டும். படித்து முடித்துக் கையை இரண்டு தடவை கழுவினேன். தபால்காரரை இரண்டு சத்தம் போட்டு வீட்டிலேயே ஒழுங்காகக் கொடுக்கச் சொல்லேன்.

தையல்காரியைப் பற்றி உனக்கென்ன அவ்வளவு அக்கறை? கடையில் கேக் வாங்கிக்கொண்டாள். அவள் ஜன்னலில் பார்த்தேன். க்ரீம் வேர்த்து வழிந்தது. ஏன் வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள், அப்புறம் நின்று கேட்க வேண்டும். எனக்கு அந்தக் கர்மமெல்லாம் காதில் விழ வேண்டாம்.

மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. எப்படி இருக்கிறார்? அவருக்குப் பிடித்த உலர்பழக் கேக் அனுப்பி ரொம்ப நாளாயிற்று.

உன்,
சீச்சீ அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல், சளி ஒன்றும் இல்லை. நீங்கள் இருவரும் சுகமா?

நான் இப்போதெல்லாம் பகலில் சலவைக்கூடத்தில் இருக்கிறேன். அந்த அம்மாவுக்குக் கூடமாட உதவி. வாடை இருக்கத்தான் செய்கிறது, பழகிவிடும். கொதிக்கிற தண்ணீரில் எல்லாக் கறையும் போய்விடுகிறது. சிலதுக்கு இரண்டு தடவை போட வேண்டும், அவ்வளவுதான். இந்தத் தாளைச் சுத்தமான கையால்தான் தொட்டேன். இடுக்கி வேண்டாம்.

அவரைப் பற்றிக் கேட்டிருந்தாய். பிப்ரவரி பதினேழு பிரிந்த நாள். அப்போதே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும், கை வரவில்லை. இனிமேல் அவருக்கு நீ கேக் அனுப்ப வேண்டாம்.

இதை ஐந்து தடவை கிழித்துப் போட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
தங்கை


ஏப்ரல் 18

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே அத்தானுக்கு இருமல், எனக்கு எரிச்சல். மற்றபடி குறைவில்லை.

எரிச்சல் உன்மேல்தான். ஐந்து தடவை கிழித்து எழுதினாயாம், ஐந்து தடவையும் பிழையாகவா எழுதினாய்? 'பிரிந்த நாளாம்', பிரிந்த நாள்! பெரிய ற போட வேண்டிய இடத்தில் சின்ன ர. போதாக்குறைக்கு அதன் தலையில் ஒரு கொக்கி. பள்ளிக்கூடத்தில் உனக்கு வாத்தியார் போட்ட சுழியெல்லாம் வீண். தாலி கட்டினவருடைய பிறந்த நாளை இப்படியா எழுதுவது? படிக்கவே அபசகுனமாக இருந்தது. சிவப்புப் பேனாவால் திருத்தி வைத்திருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்தா சொல்வது? கேக் வேண்டாம் என்று வேறு. வேண்டாம் என்றால் வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? செய்து அனுப்பியும் விட்டேன்.

அதற்கு நான் பட்ட சிரமம் கொஞ்சமில்லை. திராட்சையைக் கழுவக் கழுவத் தண்ணீர் சேறாக வந்தது. ஏழு தண்ணீர். மேலே பூசக் கலக்கிய சர்க்கரையில் ஒரு ஈ விழுந்து நீந்தியது. மொத்தத்தையும் கொட்டினேன். "ஈயை மட்டும் எடுத்துட்டு எனக்குக் கொடேன்" என்கிறார் உன் அத்தான், மானங்கெட்ட மனுஷர். மறுபடியும் கலக்கி, 'பிறந்த நாள் வாழ்த்து' என்று எழுதினேன். பெரிய ற, உன் கண்ணில் குத்துகிற அளவுக்குப் பெரிதாக. அடியில் ஒரு ஓரம் லேசாகத் தீய்ந்திருந்தது, சுரண்டிவிட்டேன். தபால் ஆபீஸில் அந்த மனிதர் ஸ்டாம்பை நாக்கால் நக்கி ஒட்டினார். அதுவும் என் கேக் பெட்டிமேல்! வாயைத் திறந்தால் சண்டையாகும் என்று வந்துவிட்டேன்.

கேக்கைப் போய்ச் சலவைக்கூடத்துக்கு அனுப்புவேனா? நேரே வீட்டுக்கு, மாப்பிள்ளை பெயருக்கே அனுப்பினேன். உள்ளே இரண்டு வரியும் வைத்தேன்: "மாப்பிள்ளைக்கு நல்வாழ்த்து. தங்கை இப்போது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துப் பின்வாசல் முகவரிதான் கொடுக்கிறாள், பகலெல்லாம் அங்கேதான் இருக்கிறாளாம். அந்த இடத்துக்குத் தின்கிற பண்டத்தை அனுப்ப மனம் ஒப்பவில்லை." நீங்களாவது அவளுக்குப் புத்தி சொல்லுங்கள் என்றும் எழுதினேன்.

இருவரும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

உன்,
சீச்சீ அக்கா


மே 2

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். தங்கள் கேக் வந்து சேர்ந்தது. என் பிறந்த நாள் அக்டோபரில்.

உங்கள் தங்கை பிப்ரவரி பதினேழாம் தேதி என் வீட்டை விட்டுப் போய்விட்டாள். இத்தனை நாளும் எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. முகவரி எழுதி உதவியதற்கு நன்றி.

கேக்கில் ஒரு ஓரம் தீய்ந்த வாடை இருந்தது. உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை. பாதியைச் சாப்பிட்டேன். மீதியை நாளை மறுநாள் அவளுக்கு எடுத்துச் செல்கிறேன். எதை வைத்தாலும் முகம் சுளிக்காமல் சாப்பிட அவளுக்கு நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

சலவைக்கூடம் என்று படித்ததிலிருந்து கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறேன். நம் இருவருக்கும் மட்டும்தான் இந்த அருவருப்பு புரியும்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை


மே 5

சின்னவளே,

சௌக்கியமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அவர் வருகிறார். ஒருவேளை வந்திருப்பார். நான்தான் வழி காட்டினேன். பின்வாசலைப் பூட்டச் சொல். அந்த அம்மாவைக் கூடவே வைத்துக்கொள். தனியாக எங்கேயும் போகாதே. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிறேன், தெரிகிறது.

உன் ஏப்ரல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். நீ சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். கொக்கி இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. அதன்மேல் என் சிவப்பு மை. இந்த வீட்டில் நான் பார்த்த அசிங்கங்களிலேயே பெரிய அசிங்கம் அதுதான். இடுக்கியால் பிடித்தேன் என்று எழுதினேனே, என்னை நீ எதால் பிடிப்பாய்?

எதை வைத்தாலும் சாப்பிட உனக்குக் கற்றுக்கொடுத்ததாக எழுதியிருக்கிறார். அதற்கு என்ன அர்த்தம்? தெரிந்துகொள்ளப் பயமாக இருக்கிறது. இருந்தாலும் சொல். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பி உன்னைக் கொடுத்தவள் நான்.

வீட்டுக்கு வந்துவிடு. ரயில் ஏறினால் ஒரு பகல்தானே. உன் அறை அப்படியே இருக்கிறது.

அக்கா


மே 21

சின்னவளே,

பதில் இல்லை. தபால்காரர் தெருவுக்குள் நுழையும்போதே வாசலுக்குப் போய்விடுகிறேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

முந்தாநாள் தையல்காரி வீட்டுக் கதவைத் தட்டினேன். "அன்னைக்கு அடுப்பு கெடல. பொய் சொன்னேன்" என்றேன். "தெரியும். வாசனை எங்க வீடு வரைக்கும் வந்துச்சு" என்றாள். நீ ஏன் வந்தாய் என்று கேட்டேன். தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். "உள்ள வாங்க, தண்ணி குடிங்க. சொல்றேன்" என்றாள். முழுதும் சொன்னாள். நான் எழுந்து ஓடவில்லை. தம்ளரில் நூல் ஒட்டியிருந்தது, அதோடு குடித்தேன்.

கிளம்பி அங்கே வந்துவிடலாமா என்று தினமும் நினைக்கிறேன். நீ கூப்பிடாமல் வந்து நின்றால் அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? ஒரு வரி போடு. உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் எழுது.

அக்கா


ஜூன் 5

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நன்றாகவும் இருக்கிறேன். அத்தான் இருமல் நின்றதா?

மே நாலாம் தேதியே அவர் வந்தார். உன் எச்சரிக்கை எட்டாம் தேதி வந்தது.

கேட்டாய், சொல்கிறேன். கல்யாணமான மூன்றாம் மாதம், ஒரு நாள் உப்புக் கூடிவிட்டது. அவர் தட்டில் துப்பினார். கோபம் இல்லை, சத்தம் இல்லை. கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, தட்டை என் பக்கம் தள்ளி, "இப்ப நீ சாப்பிடு" என்றார். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்திருந்தார். பிறகு காரம், பிறகு சூடு. இரண்டு வருஷம், அக்கா. சாப்பிட்டேன். அதைத்தான் உனக்கு எழுதக் கை வரவில்லை. ஒரு எச்சில் விரலுக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறவள் நீ. இதைச் சொன்னால் அவரைப் பார்த்துச் 'சீ' என்பாயா, என்னைப் பார்த்தா என்று எனக்குத் தெரியவில்லை. தையல்காரியைப் பற்றி எழுதினாயே, அதை என்னைப் பற்றி எழுதியதாகத்தான் படித்தேன்.

பிப்ரவரி பதினேழாம் தேதி சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. அவர் ருசிகூடப் பார்க்காமல் துப்பினார். குறை உப்பில் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். போட்டிருந்த செருப்போடு நடந்து, வேலைக்கு ஆள் தேவை என்று பலகை தொங்கிய இந்த வாசலுக்குள் வந்தேன். உதவி என்று எழுதியது பொய். இங்கே நான் வேலைக்காரி. மாடியில் நாலு பேரோடு ஓர் அறை.

அவர் வந்த அன்று நான் வண்டியில் வந்த வார்டுத் துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை, ஒரு கையில் உன் கேக் பெட்டி, இன்னொரு கையில் மூக்கைப் பொத்திய கைக்குட்டை. "போதும் விளையாட்டு. வா" என்றார். பயந்துதான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். உள்ளே இரண்டு அடி வைத்தார். வண்டியைப் பார்த்தார். ரத்தம், மலம், சீழ், காலையில் இறந்த ஒருவருடைய விரிப்பு, எல்லாம் இருந்தது. "சீ!" என்று ஓர் அடி பின்னால் போனார். நான் வண்டிக்குப் பின்னால் நின்று ஓர் அடி தள்ளினேன். அவர் இன்னோர் அடி போனார். நான் தள்ளத் தள்ள அவர் போய்க்கொண்டே இருந்தார். வாசல் வரைக்கும் அப்படியே கொண்டுபோய் விட்டேன்.

வெளியே போனதும் அந்த வெள்ளைச் சட்டைமேலேயே வாந்தி எடுத்தார். எங்கள் சலவைக்கூடத்து அம்மா எட்டிப் பார்த்து, "சட்டையக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க தம்பி, அலசித் தர்றோம்" என்றார்கள். இங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. வந்தால் வண்டி இருக்கிறது.

வீட்டுக்கு வா என்கிறாய். வர மாட்டேன். நான் எதைத் தொட்டாலும் நீ பார்ப்பாய். பார்க்காமல் இருக்க உன்னால் முடியாது. உன்மேல் கோபம் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். பார்க்க வேண்டுமானால் நீ இங்கே வா. மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நிற்பதானால் வராதே. அப்படி ஒருவர் வந்து போயாகிவிட்டது.

தங்கை


ஜூன் 10

என் சின்னவளுக்கு,

அத்தானுக்கு இருமல் நின்றுவிட்டது. எனக்குத்தான் உன் கடிதம் வந்த நாளிலிருந்து எதுவும் உள்ளே தங்கவில்லை. படித்து முடித்ததும் வாந்தி எடுத்தேன். நீ பயந்த மாதிரி உன்னை நினைத்து இல்லை. ஒட்ட வெட்டிய அந்தப் பத்து நகத்தை நினைத்து. சுத்தம் சோறு போடும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது உனக்கு என்ன போட்டது என்று இப்போது தெரிகிறது. என் நாக்கை எந்தத் தண்ணீரில் அலச?

புதன்கிழமை ரயிலில் வருகிறேன். வாசலில் நிற்க மாட்டேன். மூக்கைப் பொத்த மாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது, நாற்பது வருஷப் பழக்கம், கை தானாகப் போகும். அதனால் இரண்டு கையிலும் தூக்க முடியாத அளவுக்குச் சுமை எடுத்துக்கொண்டு வருகிறேன். உன் துணிகள், ஒரு போர்வை, அங்கே இருக்கிற எல்லாருக்கும் போதுமான கேக். கேக்மேல் எதுவும் எழுதவில்லை. குமட்டினால் உள்ளே வந்துதான் குமட்டுவேன். நீயும் உன் சலவைக்கூடத்து அம்மாவும் வயிறு குலுங்கச் சிரித்துக்கொள்ளுங்கள்.

கோபத்தை வைத்துக்கொள். அவசரமில்லை.

வந்ததும் எனக்குப் பசிக்கும். தனித்தட்டு எடுக்காதே. நீ முதலில் சாப்பிடு. வயிறு நிறைய, உனக்குப் பிடித்த மாதிரி சாப்பிடு. பிறகு அந்தத் தட்டிலேயே எனக்குப் போடு. கழுவ வேண்டாம்.

உன் அக்கா